பள்ளி என்னும் ஒரு சொல்: பறவூர் யூதர்களின் வழிபாடும் கல்வியும்

தமிழில் 'பள்ளி' என்னும் சொல் பல சமயங்களின் வாசலில் நின்ற சொல்லாகும். சமண முனிவர் தங்கிய குகையும் பள்ளி எனப்பட்டது. பௌத்தர் உறைவிடமும் பள்ளி எனப்பட்டது. இன்று நாம் தொழச் செல்லுமிடம் பள்ளிவாசல். நம் பிள்ளைகள் கற்கச் செல்லுமிடம் பள்ளிக்கூடம். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளத்திற்குச் சென்றால் கிறித்தவர் கோயிலையும் பள்ளி என்றே அழைக்கின்றனர். அங்கு நூற்றாண்டுகள் பலவாக வாழ்ந்த யூதர்களின் தொழுகையிடத்திற்கும் அதுவே பெயர்: ஜூதப்பள்ளி. ஐரோப்பாவின் யூதர்கள் தம் இத்திஷ் மொழியில் தொழுகையிடத்தை 'ஷூல்' என்பர். அச்சொல்லுக்கும் பள்ளிக்கூடம் என்பதே பொருள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் வணங்குமிடத்தையும் கற்குமிடத்தையும் ஒரே சொல்லால் குறித்திருப்பது நம் சிந்தனைக்கு உரியது.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் யூதச் சபை ஒன்றும் இல்லை. நமக்கு அண்மையில் அத்தகைய சபை ஊன்றி வாழ்ந்த நிலம் கேரளமே. அங்கும் கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசிப் பள்ளியைப் பற்றியே பலரும் எழுதியுள்ளனர். 1568-இல் எழுந்த அப்பள்ளி, சீனத் தளக்கற்களாலும் மணிக்கூண்டாலும் சுற்றுலாப் பயணியரை ஈர்ப்பது. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அதனையன்று. பறவூர், சேந்தமங்கலம், மாள ஆகிய சிற்றூர்களில் வாழ்ந்த மலபார் யூதர்கள் எவ்வாறு வழிபட்டனர், எவ்வாறு கற்றனர் என்பதையே காண்போம். நம் இலப்பைக்குடிக்காட்டைப் போன்ற சிற்றூரில் பிறந்து, மக்தபில் அலிஃப், பே ஓதிவிட்டுக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவர்க்கு இச்செய்திகள் அயலாகத் தோன்றமாட்டா.

செப்பேட்டில் ஒரு பெயர்

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஏறத்தாழ கி.பி. 1000-இல், தஞ்சையில் முதலாம் இராசராசன் ஆண்ட காலத்தில், முயிரிக்கோட்டில் இருந்த சேரமன்னன் பாற்கர இரவிவர்மன் ஒரு செப்பேடு வழங்கினான். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் அப்போது தலைநகராக எழவில்லை. செப்பேட்டைப் பெற்றவர் ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவர். அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அவர்க்கு அளிக்கப்பெற்றன. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, தோரணம் என்று அவ்வேடு அடுக்கும் சொற்களைத் தமிழ் மாணவர் எவரும் அகராதியின்றியே உணர்வர். எழுத்தும் நமக்கு அயலன்று, அது வட்டெழுத்து.

'அஞ்சுவண்ணம்' என்பது மேற்காசிய வணிகர்களின் கூட்டமைப்பைக் குறித்த சொல் என்பர் கல்வெட்டறிஞர். யூதரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் அதன்கீழ் வந்தனர். கி.பி. 849-இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கப்பெற்ற செப்பேட்டிலும் இச்சொல் உண்டு. அவ்வேட்டின் சாட்சிகள் அரபு எழுத்திலும் பாரசீகப் பஹ்லவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் தொன்மையான நூலாகக் கருதப்படும் பல்சந்தமாலை அஞ்சுவண்ணத்தாரை அல்லாஹ்வை வணங்குவோராகவே காட்டுகிறது. குமரி மாவட்டத் தக்கலையில் ஒரு முஸ்லிம் அமைப்பின் பெயரில் இச்சொல் இன்றும் நிலைத்துள்ளது. யூதத் தலைவர்க்கு ஈந்த செப்பேட்டின் சொல்லை முஸ்லிம் ஜமாஅத் காத்து வருகிறது என்றால், இதனை ஆராய வேண்டிய கடமை நம் துறைக்கு உண்டு எனலாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய துதேலா நகரத்துப் பெஞ்சமின் என்னும் யூதர், கொல்லத்துப் பகுதி யூதர்களைக் குறிப்பிடுகையில், அவர்கள் மூசா நபியின் வேதத்தை அறிந்தவர்கள் என்றும், தல்மூத் என்னும் சட்ட விரிவுரையைச் சிறிதளவே அறிந்தவர்கள் என்றும் எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா கொல்லத்திற்குச் செல்லும் வழியில், மலைமேல் யூதர் குடியிருந்த ஊர் ஒன்றைக் கண்டு, அவர்களுக்குத் தமக்கென ஒரு தலைவர் இருந்ததைக் குறித்துள்ளார். சேந்தமங்கலத்தில் கிடைத்த சாரா என்னும் பெண்மணியின் எபிரேயக் கல்லறைக் கல் 1269-ஆம் ஆண்டினது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது இதுவே. ஒரு பெண்ணின் பெயர் இவ்வாறு முதலில் நிற்பதைப் பின்னர் நினைவுகொள்வோம்.

கசப்பான ஒரு செய்தியும் உண்டு. 1524-ஐ ஒட்டிக் கொடுங்கல்லூரில் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் பூசல் மூண்டது. யூதர்கள் அவ்வூரைவிட்டு அகன்றனர். இதனை நமக்குச் சொல்பவர் எதிர்த்தரப்பினர் அல்லர். துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் எழுதிய ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்களே பதிவு செய்துள்ளார்கள். நம்மவர் எழுதிய நூலில் உள்ளதை நாமே மறைப்பது ஆய்வாளர்க்கு அழகன்று. அதன்பின் போர்த்துக்கீசியரும் யூதர்க்கு இடர் விளைத்தனர். 1662-இல் பரதேசிப் பள்ளி எரியுண்டது. கொச்சி அரசரின் அரவணைப்பால் இச்சமுதாயம் தாங்கி நின்றது. அரசர் ஒப்புதலோடு அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்க்கு வழங்கிய பட்டம் 'முதலியார்' என்பது தமிழர்க்குச் சுவையான செய்தி.

படிப்புரை முதல் பேழை வரை

பறவூர்ப் பள்ளி 1616-இல் தாவீது காஸ்தியேல் முதலியாரால் எழுப்பப்பெற்றது. தெருவிலிருந்து நுழைவோர் முதலில் காண்பது படிப்புரை. அது மாடியுடன் கூடிய வாயிற்கட்டடமாக நிற்கிறது. அதனைக் கடந்தால் மதில் சூழ்ந்த முற்றம். பின் தூண்கள் தாங்கிய நடைவழி. அதன்பின் 'அசாரா' என்னும் முன்கூடம். அதற்கும் அப்பால் தொழுகைக்கூடம். கேரளக் கோயிலும் வீடும் எவ்வாறு ஓடும் மரமும் கொண்டு அமைந்தனவோ, அவ்வாறே இதுவும். தச்சர் எச்சமயத்தவர்க்குக் கட்டினாலும் உளி ஒன்றுதானே!

கூடத்தினுள் காலணியோடு செல்வதில்லை. மேற்கு நாட்டு யூதர்க்கு இவ்வழக்கம் வியப்பூட்டியது, நமக்கு வியப்பில்லை. எருசலேம் இருக்கும் மேற்றிசைச் சுவரில் 'ஹேக்கால்' எனப்படும் மரப்பேழை அமைந்திருக்கும். நாம் கிப்லா நோக்குவதும் மேற்கே. அப்பேழையுள் தோல்மீது கையால் எழுதப்பெற்ற தௌராத் சுருள்கள் வைக்கப்பெறும். வேறு உருவமோ படமோ இல்லை. கூடத்தின் நடுவில் 'தேபா' என்னும் வளைந்த மேடை. அதன்மீது நின்று தொழுகை நடத்துவர். தேங்காய் எண்ணெய் ஊற்றிய கண்ணாடி விளக்குகள் மேலிருந்து தொங்கும்.

கேரளப் பள்ளிகளுக்கே உரிய ஒரு தனித்தன்மை, இரண்டாவது தேபா. மேல்தளத்தில், பெண்கள் அமரும் பகுதியை ஒட்டி, மற்றொரு மேடை உண்டு. சப்பத்து எனப்படும் ஓய்வுநாளிலும் திருநாள்களிலும் வேதச் சுருளைக் கீழே ஓதாமல், மாடிக்கு எடுத்துச் சென்று அம்மேடையில் ஓதினர். பெண்கள் தடுப்புக்கு அப்பால் இருந்தனர். ஆயினும் ஓதும் குரல் அவர்களுக்கு மிக அருகில் ஒலித்தது. உலகின் பிற பகுதி யூதப் பள்ளிகளில் இவ்வமைப்புக் காணப்பெறுவதில்லை. இதற்குக் காரணம் கூற முற்பட்டோர் பலர். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே: சிற்றூர்ப் பெண்களின் காதில் வேதம் நேரே விழுந்தது.

சிம்ஹத் தோரா என்பது ஆண்டுமுழுதும் ஓதிய வேதத்தை நிறைவு செய்து, உடனே முதல் அதிகாரத்தைத் தொடங்கும் திருநாள். கேரள யூதர் அன்று சுருள்களைப் பேழையினின்று எடுத்து அலங்கரித்து, பள்ளிக்கு வெளியேயும் கொண்டு வலம் வந்தனர். வெளியே வலம்வரும் வழக்கம் கேரளக் கோயில் விழாவின் சாயல் என்பர் ஆய்வாளர்.

புள்ளியில்லாத எழுத்து

தௌராத் சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே உண்டு. உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. நம் பழைய ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இடாமல், எகர ஏகார வேறுபாடு காட்டாமல் எழுதியிருப்பதைச் சுவடியியல் வகுப்பில் கண்டிருப்போம். ஸபர், ஸேர் குறிகள் இல்லாத அரபு எழுத்தும் அத்தகையதே. இவ்வெழுத்தைப் படிக்க வேண்டுமெனில் படிப்பவர் அதனை முன்பே அறிந்திருத்தல் வேண்டும். எனவே ஆசிரியர் வாயினின்று கேட்டுக் கல்லாதவர் சுருளின் முன் நிற்க இயலாது. கல்வி முதலில், வழிபாடு பின்னர் என்னும் ஒழுங்கை அவ்வெழுத்தே வகுத்துவிட்டது. ஓதுவோர் பிழை செய்தால் சபையினர் உடனே திருத்துவர். ஆதலால் கேட்போரும் கற்றவராக இருத்தல் வேண்டும்.

கேரள யூதர்க்குப் பட்டம்பெற்ற 'ரப்பி' எனும் மதகுரு எக்காலத்தும் இருந்ததில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. வணிகரும் கைவினைஞரும் ஆகிய ஊர்ப் பெரியோரே தொழுகை நடத்தினர். அவர்களே பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். சில பள்ளிகளில் பெண்கள் மாடத்திற்குப் பின்னுள்ள அறையே பிள்ளைகளின் வகுப்பறை. சிறுவரோடு சிறுமியரும் எபிரேயம் படித்தனர். பொதுப்பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், இங்கே எபிரேயமும் என்று அவர்தம் நாள் இரண்டாகப் பிரிந்திருந்தது. காலையில் மக்தப், பின் பள்ளிக்கூடம் என்று வளர்ந்தவர்க்கு இதனை விளக்க வேண்டா.

நூல்கள் தொலைவிலிருந்து வந்தன. 1686-இல் ஆம்ஸ்டர்டாம் யூதர் ஒரு குழுவைக் கொச்சிக்கு அனுப்பினர். குழுவின் தலைவர் மோசே பெரேரா தெ பைவா; அவர் எழுதிய அறிக்கை மறு ஆண்டு அச்சாயிற்று. அதன் பயனாக இரு ஊர்களுக்கும் இடையே நூற்றொடர்பு வளர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கொச்சியார்தம் தொழுகை முறைக்கென்றே வழிபாட்டு நூல்கள் ஆம்ஸ்டர்டாமில் அச்சிடப்பெற்றன. அம்முறைக்குச் 'சிங்கிலி' என்று பெயர். கொடுங்கல்லூரின் பழம்பெயர் அது. ஊரைவிட்டு அகன்றவர்கள் ஊர்ப்பெயரைத் தம் தொழுகையில் வைத்துக்கொண்டனர்.

எபிரேயம் ஓதத் தெரிந்தும் பொருள் தெரியாத நிலை எல்லாச் சிற்றூர்க்கும் உரியது. அதற்கு அவர்கள் கண்ட வழி 'தம்ஸீர்'. வேதத்தையும் வழிபாட்டுப் பகுதிகளையும் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்து வாய்மொழியாகக் கற்பிப்பதே தம்ஸீர். பெயரைக் கேட்டவுடன் நம் 'தஃப்ஸீர்' நினைவுக்கு வரும். ஆய்வாளரும் அவ்வுறவையே சுட்டுகின்றனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அரபுத் தமிழில் நூல்கள் இயற்றிச் செய்த பணியும் இத்தகையதன்றோ? வேதமொழி ஒன்று, வீட்டுமொழி ஒன்று என்றிருக்கும் சமுதாயம் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் அமைத்துக்கொள்கிறது. தம்ஸீரிலும் பாடல்களிலும் காணும் மலையாளம் மிகப் பழையது. தமிழோடு நெருங்கிய வடிவங்கள் பலவற்றை அது காத்து வைத்திருப்பதால், தமிழ் பயில்வோர்க்கும் அது ஒரு சுரங்கம்.

பெண்களின் ஏடுகள்

இச்சமுதாயத்தின் பெரும் இலக்கியம் ஆண்களால் காக்கப்பெற்றதன்று. பெண்கள் மலையாளப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கு அளித்து வந்தனர். திருமணத்திலும் விருத்தசேதனத்திலும் திருநாளிலும் கூடியமர்ந்து பாடினர். ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடலாகாது என்று கருதும் யூதச் சபைகள் பல உண்டு. கேரளத்தில் ஆண்கள் இருந்து கேட்டனர். யூசுஃப் நபியின் வரலாறு, ரூத்தின் வரலாறு, எஸ்தர் அரசியின் வரலாறு முதலியன அப்பாடல்களில் வருகின்றன. விவிலியத்தில் இல்லாத, யூத அறிஞர்தம் உரைநூல்களில் மட்டுமே உள்ள கதைக்கூறுகளும் அவற்றில் காணப்பெறுகின்றன. தல்மூதைச் சிறிதளவே அறிந்தவர்கள் என்று பெஞ்சமின் எழுதிச் சென்றார். அவர் காலத்து நிலை அதுவாயிருக்கலாம். ஆயினும் பிற்காலத்துச் சிற்றூர்ப் பெண்களின் வாயில் அவ்வுரைமரபின் கதைகள் மலையாளமாக வாழ்ந்தன. அளக்க வந்தவர்கள் நூலகங்களைத் தேடுவர், அடுக்களையைத் தேடுவதில்லை. நம் வீடுகளில் பாட்டிமார் ஓதிய மாலைகளும் முனாஜாத்துகளும் இவ்வாறே தேடுவாரின்றிக் கிடக்கின்றன.

ஊர்ப்பள்ளிகளைப் பாடும் பள்ளிப்பாட்டுகளும் உண்டு. பறவூர்ப் பள்ளிக்கும் தனிப்பாட்டு உண்டு. இப்பாடல்களில் ஒரு தொகுதியை ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் மலையாளத்திலும் எபிரேயத்திலும் பதிப்பித்து 2005-இல் எருசலேமில் வெளியிட்டனர். நூலின் பெயர் 'கார்குழலி'. இப்பெயரைத் தமிழ்ப்பெயர் அன்று என எவரால் கூற இயலும்? கொச்சியில் பிறந்த ரூபி தானியேல் (1912–2002) அம்மையார் முதுமையில் இப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் நினைவுகளோடு வழங்கினார்.

எல்லாம் இனிமையாகவே இருந்தது என்று எழுதிவிட்டால் அது பாராட்டுரையாகும், ஆய்வாகாது. மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர் மலபார் யூதரோடு மணவுறவு கொள்ளவில்லை. அடிமை நிலையிலிருந்து விடுபட்டோரின் வழிவந்தவர்களைத் தம் பள்ளியில் சமமாக அமரவிடவும் இல்லை. ஒரே வேதம், ஒரே தொழுகை. ஆயினும் சாதி உள்ளே நுழைந்தது. அவ்வாறு விலக்கப்பெற்ற குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம் (1882–1967) காந்தியடிகளின் சத்தியாகிரக முறையைப் பள்ளிக்குள்ளேயே கைக்கொண்டு போராடினார். அவர் தம் வாழ்நாளிலேயே பல தடைகள் தளர்ந்தன. அதே மட்டாஞ்சேரியில்தான் 1615-இல் மறைந்த நெஹேமியா மோத்தா என்னும் யூதப் புலவரின் கல்லறையில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவரும்கூட விளக்கேற்றி நேர்ந்துகொள்கின்றனர்.

பத்தாவது மனிதர்

யூதர்தம் கூட்டுத்தொழுகைக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆடவர் பத்துப்பேர் வேண்டும். இதனை 'மின்யான்' என்பர். பத்துப்பேர் இன்றேல் சுருளை எடுத்து ஓதவியலாது. சில வேண்டுதல்களைச் சொல்லவும் இயலாது. ஜும்ஆவுக்கு நாற்பது பேர் என்னும் ஷாஃபிஈ வரையறையை அறிந்த நம் பெரியோர்க்கு இவ்விதியின் கனம் தெரியும். பேரூரில் பத்து என்பது சிறிய எண். சிற்றூரில் அது வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எண். ஒருவர் நோயுற்றால், இருவர் வெளியூர் சென்றால், பள்ளியின் கதவு திறந்திருந்தும் பேழை திறவாது.

1948-இல் இஸ்ரேல் தோன்றிய பின்னர், 1950-களின் முற்பாதியில் கேரள யூதருள் மிகப்பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். மொத்தம் ஏறத்தாழ 2,400 பேரே இருந்த சமுதாயம் அது. மாளவின் யூதர்கள் 1955-இல் ஊரைவிட்டுச் செல்லும்போது தம் பள்ளியையும் இடுகாட்டையும் ஊராட்சியிடம் ஒப்படைத்துச் சென்றனர். இந்நாட்டில் எவரும் துரத்தாத மக்கள், தம் சமய நம்பிக்கையால் தாமே புறப்பட்டனர். அதே ஆண்டுகளில் அந்நிலத்தினின்று பாலஸ்தீன மக்கள் வீடிழந்து அகதிகளாயினர் என்பதையும் மறவாமல் சொல்லவேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது நேர்மையாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டுப் பள்ளிகளில் தொழுகை நடந்தது. அவற்றுள் சேந்தமங்கலத்துப் பள்ளி பழுதுபார்க்கப்பெற்று 2006-இல் அருங்காட்சியகமாயிற்று. கோயிலும் கிறித்தவப் பள்ளியும் மசூதியும் யூதப்பள்ளியும் அருகருகே அமைந்த ஊர் அது. பறவூர்ப் பள்ளியும் முசிறி மரபுத் திட்டத்தின்கீழ் அருங்காட்சியகமாகிவிட்டது. அங்கு இப்போதுள்ள பேழையும் தேபாவும் படிகளே. மூலங்கள் எருசலேம் அருங்காட்சியகத்தில் உள்ளன. எர்ணாகுளத்துக் கடவும்பாகம் பள்ளியின் முன்பகுதி செடிகளும் மீன்தொட்டிகளும் விற்கும் கடையாகப் பல்லாண்டு விளங்கியது. அக்கடையால்தான் கட்டடம் இடியாமல் தப்பிற்று என்பதும் உண்மை. மட்டாஞ்சேரியிலுள்ள கடவும்பாகம் பள்ளி 2019-இல் மழையில் சரிந்தது. பரதேசிப் பள்ளியில் உள்ளூரார் பத்துப்பேர் சேர்வது நின்று நெடுநாளாயிற்று. வெளிநாட்டு யூதப் பயணியர் வந்து எண்ணிக்கை நிறைந்தால்தான் அங்குத் தொழுகை நடைபெறும் என்னும் நிலை வந்தது. 2024-இல் குவீனி ஹலெகுவா அம்மையாரும் மறைந்தார்.

அரியலூரிலிருந்து இருப்புப்பாதை வழியே திருச்சி சென்று, அங்கிருந்து எர்ணாகுளம் வண்டியில் ஏறி ஆலுவாயில் இறங்கினால் பறவூர் மிக அருகில். நம் துறை மாணவர்கள் கல்விச் சுற்றுலாவுக்குக் குற்றாலத்தையே ஆண்டுதோறும் நாடாமல் ஒருமுறை இவ்வழி செல்லலாம். படிப்புரையின் மாடியையும், பெண்கள் ஏறிச்சென்ற தனிப்படிக்கட்டையும், மேல்தளத்து இரண்டாம் மேடையையும் கண்ணால் காணலாம். பாட்டைக் கேட்க வேண்டுவோர் அங்குச் செல்லவேண்டியதில்லை. இஸ்ரேலில் நெவாதிம், மெசிலாத் சீயோன் முதலிய வேளாண் குடியிருப்புகளில் வாழும் கேரளத்து மூதாட்டியர், பழைய குறிப்பேடுகளை விரித்துவைத்து மீண்டும் கூடிப் பாடத் தொடங்கினர். கேரள யூதப் பெண்களின் பாடல்கள் 2004-இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக ஒலித்தட்டில் வந்துள்ளன. அத்தட்டின் பெயர் ஓர் அழகிய கிளியை விளிப்பது. பாட்டில் அக்கிளிக்கு வழங்கும் சொல் 'தத்தை'.